வயிறும் ஒரு மெய்ப்பாட்டுக் களமே

கெடா மாநிலத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ‘வயிற்றில் புளியைக் கரைத்தது’ என்னும் வழக்கை விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்றவர்கள், தம் பெயரை அழைக்காமல் கங்காணி அடுத்த பெயருக்குச் சென்ற கணத்தில் அதனை உணர்ந்தவர்கள். சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத் தோட்ட வாழ்வைக் கதையாக்குவோர்க்கு இவ்வழக்கு கையிருப்பாக உள்ள செல்வம். ஆயினும், மாணவர் எழுதும் கதைகள் சிலவற்றில், காதலியைக் கண்ட இளைஞனின் வயிற்றில் வண்ணத்துப்பூச்சிகள் பறக்கின்றன. இஃது ஆங்கில மரபுத்தொடர். இதனைக் கடனாகப் பெறுதல் தகுமா? காதலை உடம்பின் எவ்விடத்தில் வைத்துக் காட்டுவது என்பதில் தமிழுக்கெனத் தனி நெறி உண்டா?

உள்ளத்து உணர்வு உடம்பின்வழிப் புலப்படுவதை மெய்ப்பாடு என்றார் தொல்காப்பியர். நகை முதல் உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளை வகுத்த அவர், அச்சம் பிறக்கும் களங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினைக் காட்டினார். காதலின் குறிகளோ நெற்றி வியர்த்தல், பசலை படர்தல், தோள் மெலிதல், வளை கழலுதல் எனப் பிறர் கண்ணுக்குத் தெரிவன. வள்ளுவரும் கண்ணின் துயருக்கும், பசலைக்கும், உறுப்புகளின் நலன் அழிவிற்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார், வயிற்றுக்கு வகுக்கவில்லை. காரணம் தெளிவு. அகப்பாடலில் தலைவியின் மாற்றத்தைத் தோழியும் செவிலியும் கண்டறிய வேண்டும். வயிற்றின் கலக்கமோ உற்றவர்க்கன்றிப் பிறர்க்குத் தெரியாதது.

ஆகவே தமிழில் வயிறு பெரிதும் தாய்மைக்கும் அச்சத்திற்கும் உரியதாயிற்று. காவற்பெண்டு தம் புறநானூற்றுப் பாடலில், மகனைப் பெற்ற வயிற்றைப் புலி தங்கிச் சென்ற கற்குகைக்கு ஒப்பிட்டார். ‘பெற்ற வயிறு பற்றி எரிகிறது’ என்று நம் பாட்டிமார் அரற்றியதும் அவ்வழி வந்ததே. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் இரயில் பாதை வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் கொண்டு செல்லப்பட்டபோது, அந்த எரிச்சலை அறியாத லயங்கள் குறைவு. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் அக்கொடுமையைக் களமாகக் கொண்டது.

இனி, உடலியல் கூறுவதைக் காண்போம். அச்சம் தோன்றியதும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் குருதியில் கலக்கின்றன. செரிமான உறுப்புகளுக்குச் செல்லும் குருதி குறைந்து, தசைகளுக்குச் செல்வது மிகுகின்றது. இரைப்பை தன் அசைவை நிறுத்திக்கொள்கின்றது. பெருங்குடலோ விரைவு கொள்கின்றது. இவ்வாய்வில் முன்னோடியான அமெரிக்க அறிஞர் வால்டர் கேனன் 1915இல் இதனை நூலாக்கினார். குடற்சுவரில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் உள்ளன. வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளுள் பெரும்பாலானவை வயிற்றின் செய்தியை மூளைக்குக் கொண்டு செல்பவை. காதலில் எழும் படபடப்பும் இதே பாதையில்தான் வருகின்றது. அச்சத்திற்கு ஒன்று, காதலுக்கு ஒன்று என உடம்பு இருவேறு பாதைகளை வகுத்துக்கொள்ளவில்லை.

இவ்வுண்மை நம் படைப்பாளர்க்கு ஒரு வழியைக் காட்டுகின்றது. தோட்டத்துக் காதல் அச்சம் கலவாத காதலாக இருந்தது அரிது. லயத்தில் ஒரு வீட்டின் பேச்சு மறுவீட்டுக்குக் கேட்கும். சாதி குறுக்கே நிற்கும். செய்தி கங்காணியின் காதுக்கு எட்டினால் குடும்பத்தின் வேலைக்கே ஊறு நேரலாம். தொல்காப்பியர் ‘இறை’ என்ற இடத்தில் கிராணியும் துரையும் நின்றனர். அத்தகைய இளைஞன் பால்மரத்து நிழலில் அவளைக் கண்டபோது அவன் வயிறு கலங்கியது என்று எழுதினால் அது முற்றிலும் உண்மை. காதலுக்குள் இருந்த அச்சத்தையே வயிறு அறிந்தது. வண்ணத்துப்பூச்சியோ அந்த அச்சத்தை மறைத்து, அழகை மட்டும் எஞ்சவிடுகின்றது. அதன் குறை அயல்மொழியிலிருந்து வந்தது என்பதன்று. அக்காதலன் எதற்கு அஞ்சினான் என்பதைச் சொல்லாமல் விடுவதே குறை.

சிறுகதை, பாத்திரத்தின் அகத்தினுள் புகுந்து பேச வல்லது. தோழியின் கண் காணாததை அது காட்டலாம். எனவே வயிற்றையும் காதலின் மெய்ப்பாட்டுக் களமாக்கும் உரிமை இன்றைய எழுத்தாளனுக்கு உண்டு. அதற்குரிய சொல்லை அவன் தொலைவில் தேட வேண்டுவதில்லை. கெடாவின் சீ. முத்துசாமி ‘மண்புழுக்கள்’ நாவலில் தோட்ட மக்களின் பேச்சு வழக்குக்கு இலக்கியத் தகுதி உண்டெனக் காட்டியுள்ளார்.

தோட்டங்கள் பல மறைந்து, மக்கள் நகர்ப்புறத்து வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்துவிட்டனர். பெரட்டுக் களத்தை அறியாத பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்துள்ளனர். கதை எழுதப் பணிக்கும் ஆசிரியர், முதலில் அவர்களை வீட்டு முதியோரிடம் அனுப்புவாராக. ‘அச்சம் வந்தபோது உங்களுக்கு உடம்பில் எங்கே, எப்படி இருந்தது?’ என்று கேட்டு வரச் சொல்வாராக. அவர்கள் கொண்டுவரும் விடைகளில், எழுதப்படாத நம் மெய்ப்பாட்டியலின் ஒரு பகுதி இருக்கும்.