தந்தத் தகட்டில் ஒரு மதராஸ் பத்தாண்டு

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உருவச் சிற்றோவியங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ரிச்சர்ட் காஸ்வேயிடம் தொடங்குவது வழக்கம். வேல்ஸ் இளவரசரின் அபிமான ஓவியர். பகட்டான உடை, ஊர் வம்பு என்று கதைக்கு வேண்டிய எல்லாம் அவரிடம் உண்டு. என் எண்ணத்தில் அவருக்கு முன்வரிசையில் உட்கார வேண்டியவர் ஜான் ஸ்மார்ட். கலை வரலாற்று நூல்கள் பின்னிணைப்பைப் போலக் கடந்துவிடும் அவருடைய மதராஸ் வருடங்களே (1785–1795) அதற்குச் சான்று.

முந்தைய நூற்றாண்டில் சிற்றோவியர்கள் கன்றுத்தோலில்தான் வரைந்தார்கள். மூக்குப்பொடி டப்பாக்களை அலங்கரித்துவந்த வெனிஸ் நகரத்து ரோசால்பா காரியேரா தந்தத்துக்கு மாறினார்; 1705இல் தந்தச் சிற்றோவியம் ஒன்றைக் கொடுத்தே ரோமின் சான் லூகா கலைக்கழகத்தில் உறுப்பினரானார். சீக்கிரமே லண்டனில் பெர்னார்ட் லென்ஸும் தந்தத்தைக் கையில் எடுத்தார். எளிதில் வசப்படும் பொருளல்ல அது. வழவழப்பும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து நீர்வண்ணத்தை ஒட்டவிடாது. தகட்டை மெல்லியதாக அறுத்து, வெயிலில் வெளுக்க வைத்து, காகிதங்களுக்கு நடுவே சூடான இஸ்திரிப்பெட்டியால் அழுத்திப் பசை எடுத்து, நுரைக்கல் தூளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குவார்கள். வண்ணத்தோடு பிசினும் சேரும். பிறகு நுண்ணிய புள்ளிகளும் கோடுகளுமாக முகம் உருவாகும்.

முதல் தலைமுறை, துணிமணிகளைக் கனமான வண்ணத்தால் மூடிவிட்டது. நூற்றாண்டின் பின்பாதியில்தான் தந்தத்தின் பலன் முழுதாகத் தெரிந்தது: வண்ணத்தை நீர்த்துப் பூசினால் அடியிலிருந்து வெண்மை கசிந்து, தோல் உயிருள்ள தோலாகிவிடும். 1768இல் ராயல் அகாடமியை நிறுவியவர்களுள் ஒருவரான ஜெரமையா மேயர், ஸ்மார்ட், காஸ்வே, ஜார்ஜ் எங்கில்ஹார்ட் எல்லோரும் இந்தத் தலைமுறை. எங்கில்ஹார்ட்டின் கணக்குப் புத்தகம் 39 ஆண்டுகளில் 4,853 சிற்றோவியங்களைக் காட்டுகிறது. கலைஞன் என்பதா, தொழிற்கூடம் என்பதா!

இவ்வளவு கிராக்கி பிரிவினால் வந்தது. கடல் கடந்து போகிறவனின் முகம் வீட்டில் இருப்பவளுக்கு வேண்டும். அவளுடைய முகம் அவனுக்கு வேண்டும். கையகல எண்ணெய் ஓவியம்கூடச் சட்டைக்குள் தொங்காது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊர்களில் சிற்றோவியர்களுக்கு வேலை இருந்ததன் காரணம் இதுதான்.

காஸ்வேயும் ஸ்மார்ட்டும் வில்லியம் ஷிப்லியின் அதே ஓவியப் பள்ளியில் பயின்றவர்கள், கைகள்தான் வேறு. காஸ்வே கண்களைப் பெரிதாக்குவார், பின்னால் நீல வானத்தை மிதக்கவிடுவார்; அமர்ந்தவர்கள் அனைவரும் ஏறக்குறைய உறவினர்களாகிவிடுவார்கள். ஸ்மார்ட் முகச்சுருக்கத்தைத் தள்ளுபடி செய்யமாட்டார். கண்ணோரத்து மடிப்பு, உதட்டோரத்தில் அடக்கிய சிரிப்பு, வெயில் பட்ட சிவப்பு எல்லாம் கணக்கில் வரும்.

1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க், ஆற்காடு நவாபின் கடன்களைப் பற்றி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் முழங்கினார். அதே ஆண்டில்தான் ஸ்மார்ட் மதராஸ் வந்து இறங்கினார். வந்தவர், கடனில் மூழ்கியிருந்த அந்த நவாப் முகமது அலி வாலாஜாவையும் அவருடைய மகன்களையுமே வரைந்தார். (சேப்பாக்கத்து வாலாஜா சாலையில் இன்றும் இருப்பது அவர் பெயர்தான்.) கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் முதல் கம்பெனி அதிகாரிகள்வரை மற்றவர்களும் வந்து அமர்ந்தார்கள். தகடுகளும் பெரிதாயின. கையெழுத்தும் ஆண்டும் போடும் பழக்கமுள்ள ஸ்மார்ட், இங்கே வரைந்தவற்றில் ‘இந்தியா’வைக் குறிக்க ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்தையும் சேர்த்தார்.

அதே 1785இல் கல்கத்தா வந்து லக்னோ வரை போன இன்னொரு சிற்றோவியர் ஓசியாஸ் ஹம்ஃப்ரிக்கு இந்தியா சரிப்படவில்லை. கூலி பாக்கி, வழக்கு, மங்கும் பார்வை என்று இரண்டே ஆண்டுகளில் கப்பலேறினார். ஸ்மார்ட் பத்து ஆண்டு தங்கினார். 1795இல் நவாப் காலமானார். அதே ஆண்டில் ஸ்மார்ட்டும் லண்டன் திரும்பினார்.

இப்போது தந்தம் என்றாலே சட்டம் குறுக்கே நிற்கிறது. ஆனாலும் 2018ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் தந்தச் சட்டம், 1918க்கு முன் வரையப்பட்ட, 320 சதுர சென்டிமீட்டருக்கு மிகாத உருவச் சிற்றோவியங்களுக்கு விலக்கு தருகிறது. ஸ்மார்ட்டை வரிசையாகப் பார்க்க அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் உள்ள நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டும். அங்குள்ள ஸ்டார் தொகுப்பில் அவர் ஆண்டு குறித்து ஒப்பமிட்ட ஓவியங்கள் ஆண்டுவாரியாகச் சேர்ந்திருக்கின்றன. லண்டன் வருடங்களுக்குப் பக்கத்திலேயே ‘ஐ’ எழுத்துக்காரர்களையும் வைத்து ஒப்பிடலாம். என் வாக்கு பின்னவர்களுக்கே.