லூபஸ் அட்டவணையில் யார் யார் இருக்காங்க?

லூபஸ் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் முதல் அட்டவணையை யாரும் நின்னு படிக்கிறதில்லை. வயது, பால், இனம், அவ்வளவுதானேன்னு தாண்டிப் போயிடுவோம். பனமலையில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மூன்று வகைப்பாட்டு விதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். விதி மாறினா அந்த அட்டவணையும் மாறும்னு அப்போதான் உறைச்சது.

1997 விதியில் 11 அம்சங்கள். 4 இருந்தா லூபஸ். அந்த 11-ல் நாலு, தோலும் வாயும் சம்பந்தப்பட்டவை: கன்னச் சிவப்பு, வட்டத் தழும்பு, வெயில் ஒவ்வாமை, வாய்ப்புண். ஆக, தோலை வைத்தே ஒருவர் தேறிவிடலாம். சிறுநீரகத் திசுவிலேயே லூபஸ் தெரிந்து, ஏஎன்ஏவும் டிஎஸ்டிஎன்ஏ எதிர்ப்பொருளும் பாசிட்டிவா இருக்கிறவருக்கோ கணக்கு 3-லேயே நிற்கும். அநியாயம்தான். அதோட, கறுத்த தோலில் சிவப்பு சிவப்பாத் தெரியாது. வயலில் வெயில் காயும் பெண்ணிடம் வெயில் ஒவ்வாமையை எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

2012-ல் வந்த ஸ்லிக் விதி சிறுநீரக விஷயத்தைச் சரி செய்தது. 2019 விதி ஏஎன்ஏவை நுழைவுச்சீட்டாக வைத்து மதிப்பெண் போட்டது: 10 வந்தா போதும். மூன்றாம், நான்காம் வகைச் சிறுநீரக அழற்சிக்கு மட்டுமே 10. வெயில் ஒவ்வாமை பட்டியலிலேயே இல்லை. ஆண் நோயாளிகளுக்குச் சிறுநீரகப் பாதிப்பு அதிகம்னு பல ஆய்வுகள் சொல்லுது. அதனால புது விதிகளில் ஆண்கள் கொஞ்சம் கூடுதலா உள்ளே வருவாங்கன்னு நினைக்கிறேன். (இதைப் படிச்சு யாரும் தனக்குத்தானே மதிப்பெண் போட்டுக்காதீங்க. இந்த விதிகள் ஆய்வுக்கு ஆள் சேர்க்கத்தான், நோயைக் கண்டறிய இல்லை.)

2020-ல் வந்த ஒரு கட்டுரை, 2019 விதி ஆண், பெண், எல்லா இனத்தாரிடமும் நல்லா வேலை செய்யுதுன்னு காட்டியது. நோயாளிகளும் ஒப்பீட்டுக்கு எடுத்தவர்களுமாக 1270 பேர். ஆண்கள் 172, ஆசியர் 118. பெண்களில் 97 சதவீத நோயாளிகளையும் ஆண்களில் 93 சதவீத நோயாளிகளையும் விதி பிடித்தது. நல்ல வேலை, மறுக்கலை. ஆனா 'ஆசியர்'னு ஒரே சொல்லில் எத்தனை நாடு, எத்தனை நிறம்! 118 பேர் அதுக்குப் போதுமா?

அதைவிடப் பெரிய குறை, அத்தனை பேரும் ஏற்கெனவே நிபுணர் வாசலுக்கு வந்து சேர்ந்தவர்கள். இங்கிருந்து சிறுநீரக பயாப்ஸிக்குப் போகணும்னா புதுச்சேரி ஜிப்மரோ சென்னையோதான். நாட்கூலியை விட்டுப் போக முடிஞ்சவங்கதான் அட்டவணையில் ஏறுவாங்க. இந்தியாவில் லட்சத்துக்கு 3.2 பேர்னு எல்லாரும் மேற்கோள் காட்டுறது, டெல்லி அருகே கிராமப்புறத்தில் எடுத்து 1993-ல் வெளியான கணக்கு. அப்போ புழக்கத்தில் இருந்தது 1982 விதி. அந்த நாலு தோல், வாய் அம்சங்களும் அதிலிருந்து வந்தவைதான். எந்த விதியும் தன்னிடம் வராத ஆளை எண்ணாது.

விதிகளை ஒப்பிடும் அடுத்த கட்டுரையில், முதல் அட்டவணைக்கு ரெண்டு வரி கூடுதலா கேட்பேன்: நோயாளியின் ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து எவ்வளவு தூரம், முதல் மூட்டுவலிக்கும் முதல் ஏஎன்ஏ பரிசோதனைக்கும் நடுவில் எத்தனை மாசம்.