உடைக்காமலே காணலாம் பொதுக் காரணி

பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவரிடம் 1147, 1271 இரண்டுக்கும் மீப்பெரு பொதுக் காரணி (மீ.பெ.கா.) கேட்டுப் பாருங்கள். 2 போகுமா, 3 போகுமா என்று தொடங்கி, 7, 11, 13 என ஏறி, 31ஐத் தொட்டால்தான் 31 × 37, 31 × 41 என்று கணக்கு பிரியும். அதற்குள் சலித்துப்போய், ‘இரண்டும் பகா எண்கள், விடை 1’ என்று எழுதிவிடவும் கூடும். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. பொதுக் காரணி வேண்டுமென்றால் முதலில் எண்ணைப் பகாக் காரணிகளாக உடை என்றுதானே ஆறாம் வகுப்பிலிருந்து பழக்கியிருக்கிறோம்!

உடைக்கத் தேவையே இல்லை. 1271இலிருந்து 1147ஐக் கழித்தால் 124. 1147ஐ 124ஆல் வகுத்தால் மீதி 31. 124ஐ 31ஆல் வகுத்தால் மீதி இல்லை. விடை 31. இரண்டு எண்களையும் மீதியின்றி வகுக்கும் எண், அவற்றின் வித்தியாசத்தையும் வகுத்தே தீரும் என்ற ஒரே உண்மையின் மேல் நிற்கும் முறை இது. ஏறத்தாழ கி.மு. 300இல் யூக்ளிட் தம் நூலின் ஏழாம் பகுதியில் இதை வைத்தார். கி.பி. 499இல் ஆரியபடர், முழு எண் விடை தேடும் குட்டகக் கணக்குகளுக்குக் கையாண்டதும் இப்படி மாறி மாறி வகுப்பதைத்தான். சிறிய எண்ணில் எத்தனை இலக்கங்களோ, அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் வகுத்தல் தேவைப்படாது என்று 1844இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் காப்ரியேல் லாமே நிறுவினார். நூறு இலக்க எண்ணானாலும் ஐந்நூறு வகுத்தலுக்குள் முடிந்துவிடும். காரணிப்படுத்தலில் இப்படி எந்த உறுதியும் கிடையாது.

அதற்காகப் பகாக் காரணி முறையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 72 = 2³ × 3², 120 = 2³ × 3 × 5 என்று எழுதிவிட்டால், சிறிய அடுக்குகள் 24 என்ற பொதுக் காரணியையும் பெரிய அடுக்குகள் 360 என்ற மீச்சிறு பொது மடங்கையும் (மீ.சி.ம.) தந்துவிடுகின்றன. அந்த இரண்டின் பெருக்கற்பலன் ஏன் 72 × 120க்குச் சமம் என்பதும் விளங்கிவிடுகிறது. ஒவ்வொரு பகா எண்ணின் சிறிய அடுக்கும் ஒரு விடைக்குப் போகிறது, பெரிய அடுக்கு மற்றதற்கு, மிச்சம் ஏதுமில்லை. மூன்று எண்கள் என்றால் நடு அடுக்கு எதிலும் சேராமல் நின்றுவிடும். 4, 6, 10க்கு மீ.பெ.கா. 2, மீ.சி.ம. 60, பெருக்கினால் 120. எண்களின் பெருக்கற்பலனோ 240. போட்டித் தேர்வுக்காகச் சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர் அதை மூன்று எண்களுக்கும் பொருத்தி மாட்டிக்கொள்வது இந்த நடு அடுக்கைக் கவனிக்காததால்தான்.

ஆக, ‘ஏன்’ என்பதை விளக்குவதில் அந்த முறைக்கு நிகரில்லை. வகுப்பறையோ அதை விடை எடுக்கும் இயந்திரமாக்கி, அது தடுமாறும் வேலையையே அதன் தலையில் கட்டுகிறது.

எண்ணை உடைப்பதற்கும் பொதுக் காரணி காண்பதற்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை இணையப் பாதுகாப்பு காட்டிவிட்டது. 1977இல் உருவான ஆர்.எஸ்.ஏ. மறையாக்க முறையில், இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கற்பலனைப் பொதுச் சாவியாகப் பகிரங்கமாகவே வெளியிடுகிறார்கள். அதை நடைமுறையில் யாராலும் உடைக்க முடியாது என்பதே அந்த முறையின் பலம். 2012இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இணையத்திலிருந்து லட்சக்கணக்கான பொதுச் சாவிகளைத் திரட்டி, எதையும் உடைக்க முயலாமல், அவற்றுக்கிடையே மீ.பெ.கா. மட்டும் கண்டன. சில கருவிகள் எண்களைச் சரியாகக் குலுக்காததால், வெவ்வேறு சாவிகளில் ஒரே பகா எண் உட்கார்ந்திருந்தது. மீ.பெ.கா. அந்தப் பகா எண்ணையே காட்டிக்கொடுக்க, ஆயிரக்கணக்கான சாவிகள் திறந்துகொண்டன.

பொது மடங்குப் பாடத்தின் குறை வேறு வகை. ‘மிகப்பெரிய’ என்று வந்தால் மீ.பெ.கா., ‘மீண்டும் ஒன்றாக’ என்று வந்தால் மீ.சி.ம. என்று சொல்லைப் பிடித்தே விடைக்குப் போகப் பழகிவிட்டார்கள். ஒன்றாக ஒலிக்கும் மணிகளை விட்டால் பாடப்புத்தகத்துக்கு வேறு உலகமும் அதிகம் தெரியாது. வியாழன் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 12 ஆண்டும் சனி 30 ஆண்டும் எடுத்துக்கொள்கின்றன. பிறகு ஏன் இரண்டும் ஒன்றாகத் திரும்பும் பிரபவ முதல் அட்சய வரையான சுழற்சிக்கு 360 ஆண்டுகள் இல்லாமல் 60 மட்டும்? 12க்கும் 30க்கும் பொதுவான 6 இருமுறை எண்ணப்படக் கூடாது என்பதால். அமெரிக்காவில் 13 ஆண்டுக்கு ஒருமுறை வெளிவரும் சில்வண்டுக் கூட்டம் ஒன்றும், 17 ஆண்டுக்கு ஒருமுறை வருவது ஒன்றும் 1803க்குப் பிறகு 2024இல்தான் சேர்ந்து வந்தன. பொதுக் காரணி இல்லாததால் 13 × 17 = 221 முழுசாக நிற்கிறது. பழைய தமிழ்க் கணக்கில் மா 1/20, மாகாணி 1/16. இவற்றைக் கூட்ட வேண்டிய பொதுப் பகுதி 80; அந்த 1/80 அங்கே காணி என்ற தனி அளவாகவே இருந்தது: மாவுக்கு நான்கு காணி, மாகாணிக்கு ஐந்து. இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்தாலே, பொதுக் காரணி பொது மடங்கை எப்படிச் சுருக்குகிறது என்பது பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

மாறி மாறி வகுக்கும் முறைக்கு அடிப்படையான யூக்ளிடின் வகுத்தல் துணைத்தேற்றம் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பில் இருக்கிறது. என்.சி.இ.ஆர்.டி. 2022இல் பாடச்சுமையைக் குறைத்தபோது தன் பத்தாம் வகுப்பிலிருந்து அதை நீக்கிவிட்டது. என்னைக் கேட்டால், அதை நீக்கியது தவறு. பத்தாம் வகுப்பு வரை காக்க வைப்பதும் தவறு. ஆறாம் வகுப்பு ஆசிரியர்கள் பாடத்தைக் கழித்தலில் தொடங்கட்டும், பகாக் காரணிகள் பிறகு வரட்டும். 119, 91 கொடுத்துப் பாருங்கள். வித்தியாசம் 28, 91இலிருந்து மூன்று முறை 28ஐக் கழித்தால் 7, 28இல் 7 மீதியின்றிப் போகிறது. ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு இதில் தெரியாத கணக்கு ஒன்றுமில்லை.