எட்டு மணி ஜெபம்

உங்களுக்குத் திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவ நண்பர் யாராவது இருந்தால், ராத்திரி எட்டு மணிக்கு அவருக்குப் போன் பண்ணிப் பாருங்கள். எடுக்க மாட்டார். அல்லது அவர் மனைவி எடுத்து, ‘ஜெபம் நடக்குது, அரை மணி கழிச்சுக் கூப்பிடுறீங்களா?’ என்று கிசுகிசுப்பார். பின்னணியில் யாரோ சுருதி சேராமல் ஒரு கீர்த்தனை பாடிக்கொண்டிருப்பார்கள்.

அந்த மாதிரி வீட்டில் வளர்ந்தவன் நான். முதலில் ஒரு பாட்டு. அப்புறம் வேதாகமத்தில் ஓர் அதிகாரம், ஆளுக்கு இரண்டு வசனம். அப்புறம் முழங்கால் போட்டு அப்பாவின் ஜெபம். கடைசியில் எல்லோரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். சாப்பாடு அதற்கப்புறம்தான். அடுப்படியிலிருந்து வரும் குழம்பு வாசனைக்கும் ஆண்டவருக்கும் இடையில் தினம் நடக்கும் போட்டியில் யார் ஜெயித்தார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இதையெல்லாம் கிளறிவிட்டது அண்மையில் நண்பர் ஒருவர் படிக்கக் கொடுத்த புத்தகம். வீட்டில் தினசரி பக்தியைப் பழக்கமாக்குவது எப்படி என்கிற ரகம். பேர் வேண்டாம், ஒன்றைப் படித்தால் எல்லாவற்றையும் படித்த மாதிரிதான். காலையில் இத்தனை நிமிஷம், ராத்திரி இத்தனை நிமிஷம், டிக் அடிக்கக் கட்டம், தவறவிட்டால் அடுத்த நாள் சேர்த்து. இப்போது போனே நினைவூட்டுகிறது, ‘இன்று ஜெபித்தீர்களா?’ என்று. அரசு ஆபீஸ் வருகைப் பதிவேடு பரலோகம் வரைக்கும் போய்விட்டது.

இந்தப் புத்தகங்களில் தப்பான வரி ஒன்றுகூட இல்லை. அதுதான் பிரச்னை. எல்லாம் நேரக் கணக்கு. அந்த நேரத்தில் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு பக்கம்கூட இல்லை. அதைத் தெரிந்துகொள்ள நீங்கள் வேறு அலமாரிக்குப் போகவேண்டும்.

முதலில் சாமுவேல் பட்லர். பாதிரியார் மகன். அவர் எழுதி, செத்துப்போன மறு வருஷம், 1903-ல் வெளிவந்த நாவல் ‘தி வே ஆஃப் ஆல் ஃபிளெஷ்’. அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஜெபத்துக்கு முன் குழந்தைகள் பாடுகிறார்கள். சின்னப் பையன் எர்னஸ்டுக்கு ‘க’ உச்சரிப்பு வரவில்லை, ‘ட’ வருகிறது. ‘கம்’ என்று பாடவேண்டியதை ‘டம்’ என்கிறான். அப்பாவான பாதிரியார் இதைப் பிடிவாதம் என்று முடிவு கட்டி, பையனைப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோய் அடிக்கிறார். உள்ளங்கை சிவந்து திரும்பி வருகிறார். வந்ததும் என்ன செய்கிறார் தெரியுமா? வேலைக்காரர்களை ஜெபத்துக்கு அழைக்க மணி அடிக்கிறார்.

அந்த மணியைப் படித்தபின் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அந்த வீட்டில் தினசரி ஜெபம் ஒரு நாள்கூடத் தவறியிருக்காது. கட்டத்தில் எல்லாம் டிக்.

இரண்டாவது, எட்மண்ட் காஸ் 1907-ல் எழுதிய ‘ஃபாதர் அண்ட் சன்’. இது நாவல் இல்லை, சொந்தக் கதை. அப்பா பிலிப் ஹென்றி காஸ் பேர்பெற்ற கடல் உயிரின விஞ்ஞானி. அம்மா துண்டுப் பிரசுரங்கள் எழுதியவர். இரண்டு பேரும் வேதாகமத்தை எழுத்துக்கு எழுத்து நம்பியவர்கள். கதை என்றால் பொய், பொய் என்றால் பாவம் என்பதால் வீட்டில் கதைப் புத்தகமே கிடையாது. மரத்தையும் கல்லையும் வணங்கினால் கடவுள் கோபிப்பார் என்று அப்பா சொன்னதைச் சோதிக்க, ஆறு வயசு வாக்கில் பையன் ஒரு நாற்காலியைத் தூக்கி மேஜைமேல் வைத்து, மண்டிபோட்டு அதனிடம் ஜெபம் செய்கிறான். காத்திருக்கிறான். இடி விழவில்லை. அன்றைக்கு அப்பாவின் வார்த்தையில் ஒரு விரிசல்.

பட்லரின் புத்தகத்தில் கோபம் ஜாஸ்தி. அந்த அப்பாவுக்கு ஒரு நல்ல குணம்கூடக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. அதனால் படிக்கிறவன் தப்பித்துக்கொள்கிறான். ‘நம்ம வீடு இப்படி இல்லப்பா’ என்று சொல்லிவிடலாம். காஸ் அப்படித் தப்பிக்க விடுவதில்லை. அவருடைய அப்பா மகனை உயிருக்குயிராக நேசித்தவர், நேர்மையானவர். அப்படியும் பையன் கைவிட்டுப் போகிறான். ஏன்? அந்த வீட்டில் ஜெபம் ஒரு திசையில்தான் போயிற்று. அப்பா கேட்பார், மகன் பதில் சொல்வான். அப்பா சோதிப்பார், மகன் சோதிக்கப்படுவான். அப்பாவைச் சோதிக்க யாருமில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே பக்தியுள்ள பெற்றோர் இதைப் படிக்கவேண்டும் என்பேன். விசுவாசத்துக்கு எதிரான புத்தகம் என்று ஒதுக்கினால் நஷ்டம் அவர்களுக்குத்தான்.

சரி, உருப்படியான வீடே இல்லையா என்று கேட்பீர்கள்.

இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊர். பாதிரியார் மனைவி சுசன்னா வெஸ்லி. பிறந்த பிள்ளைகள் 19, தங்கியவர்கள் 10. புருஷன் லண்டனில் இருந்த 1711-12 குளிர்காலத்தில், ஞாயிறு மாலை பிள்ளைகளையும் வேலைக்காரர்களையும் உட்காரவைத்துப் பிரசங்கம் ஒன்றை வாசித்தார். அக்கம்பக்கத்தார் வந்தார்கள். கூட்டம் 200 வரை போயிற்று. துணைப் பாதிரியாருக்குப் பொறுக்கவில்லை, லண்டனுக்குக் கடிதம் போட்டார். நிறுத்தச் சொல்லிப் புருஷன் எழுத, சுசன்னா அடங்கிப்போகவில்லை. ஆசைப்பட்டால் போதாது, உத்தரவாகவே போடுங்கள், கடைசி நியாயத்தீர்ப்பில் நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள் என்கிற தோரணையில் பதில் எழுதினார். உத்தரவு வரவில்லை.

ஆனால் என்னைக் கவர்ந்தது அந்தக் கூட்டம் இல்லை. ஒவ்வொரு ராத்திரியும் ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேசுவது அவர் வைத்திருந்த ஏற்பாடு. வியாழன் ஜானுக்கு. பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய அதே ஜான் வெஸ்லி. 1732-ல், ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த 28 வயசுக்காரர், அந்த வியாழக்கிழமை மாலையில் கொஞ்சம் இப்போதும் எனக்குத் தரமுடியுமா என்று அம்மாவுக்கு எழுதுகிறார். எத்தனை பிள்ளைகள் குடும்ப ஜெபத்தைத் திரும்பக் கேட்டு எழுதியிருக்கிறார்கள் சொல்லுங்கள்.

உடனே சுசன்னாவுக்குச் சிலை வைத்துவிடாதீர்கள். ஒரு வயசு ஆனதுமே பிள்ளைகளுக்குப் பிரம்பு பயம் வரவேண்டும், அழுதாலும் சத்தமில்லாமல் அழவேண்டும் என்று எழுதியவரும் அவர்தான். அதைக் கழித்துவிட்டு வியாழக்கிழமையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் அம்மாவும் காது கொடுத்துக் கேட்டார்.

நம்மூர் எட்டு மணி ஜெபத்தின் பூர்வீகம் ஜெர்மனியையும் தொடுகிறது. 1528-ல் மார்ட்டின் லூத்தர் சாக்ஸனி கிராமங்களைச் சுற்றிப் பார்த்து அதிர்ந்தார். ஜனங்களுக்கு மட்டுமில்லை, பல பாதிரிமார்களுக்கே அடிப்படைகள் தெரியவில்லை. மறு வருஷம் சிறிய ஞானோபதேசத்தை எழுதினார், வீட்டுத் தலைவன் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்கும்படி. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு அதைத் தமிழாக்கினார். அதில் காலை ஜெபமும் மாலை ஜெபமும் சில வரிகள்தான். காலையில் முடித்ததும் சந்தோஷமாக வேலைக்குப் போ, ராத்திரி முடித்ததும் நிம்மதியாக உடனே தூங்கு என்கிறார் லூத்தர். அந்த ‘உடனே’ எங்கள் ஊர் வருவதற்குள் எங்கேயோ கடலில் விழுந்துவிட்டது.

ஏனென்றால் எங்கள் வீட்டு ஜெபம் 20 நிமிஷம். அதில் பாதி ஆண்டவருக்கு, மீதி எங்களுக்கு. ‘கணக்கில் 38 மார்க் வாங்கின இந்தப் பிள்ளைக்கு ஞானத்தைத் தாரும் சுவாமி’ என்று அப்பா உருகும்போது, அந்தத் தகவல் யாருக்குப் போகிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆண்டவருக்குத்தான் அது ஏற்கெனவே தெரியுமே! பல வீடுகளில் இது இன்றும் நடக்கிறது. நேரே சொல்லத் தைரியமில்லாததைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது.

இன்னொன்று, வாக்குத்தத்த அட்டை. புது வருஷ ஆராதனையில் ஆளுக்கொன்று எடுப்போம். எரேமியா 29-ன் 11-ஆம் வசனம் வந்தால் கொண்டாட்டம். நல்ல எதிர்காலம் உண்டு என்கிற வாக்கு. பத்தாம் வசனத்தை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. பாபிலோனில் சிறைப்பட்டவர்களுக்கு எழுதின கடிதம் அது. 70 வருஷம் ஆகும் என்கிறது பத்தாம் வசனம். அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற ஊருக்கு நல்லது தேடுங்கள் என்கிறது அதற்கு முன்னால். அட்டையை மட்டும் படித்த பிள்ளை முதல் தோல்வியில் கடவுளோடு கா விட்டுவிடும். கடிதம் முழுக்கப் படித்த பிள்ளை தோட்டம் போடும். இருட்டிலேயே முடிகிற 88-ஆம் சங்கீதம் எந்த அட்டையிலும் வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் மார்ச்சுவரி வாசலில் நிற்கிறவனுக்கு அதுதான் தேவைப்படும்.

அப்படியானால் எட்டு மணி ஜெபத்தையே விட்டுவிடலாமா? மாட்டேன் என்கிறேன். காரணம் சொல்கிறேன்.

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரு வயல் விஷயத்தில் பேச்சுவார்த்தை இல்லை. ஏழு வருஷம். பரமண்டல ஜெபத்தில் கடனை மன்னிக்கிற வரி ஒன்று இருக்கிறது. மத்தேயுவில் இயேசு ஜெபத்தைச் சொல்லி முடித்ததும் திரும்பப் போய் விளக்கம் சொல்வது அந்த ஒரு வரிக்குத்தான். அந்த இடம் வரும்போது மட்டும் அப்பாவின் குரல் இறங்கிவிடும். தினமும். நாங்கள் கவனித்தோம், வாயைத் திறக்கவில்லை. ஒரு ராத்திரி எல்லோரும் ஆமென் சொல்லி எழுந்த பிறகும் ஆச்சி மட்டும் எழுந்திருக்கவில்லை. கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

‘‘ஏல, அந்த வரியை இன்னொருக்கா சொல்லு. மெதுவாச் சொன்னா எனக்குக் கேக்க மாட்டேங்கு.’’

அப்பா நின்றுகொண்டே இருந்தார். அடுப்படியில் குழம்பு கொதிக்கிற சத்தம் கேட்டது. அன்றைக்கு அவர் அந்த வரியைச் சொல்லவில்லை. நேரே கொல்லைப்பக்கம் போய்விட்டார். ஆனால் மறுநாளும் எட்டு மணி வந்தது. அதற்கு மறுநாளும். தப்பிக்கமுடியாது. பழக்கத்தின் பலமே அதுதான். அந்தக் கிறிஸ்துமஸுக்குச் சித்தப்பா வீட்டு முறுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது. வயல் வரவில்லை. அதைப் பற்றி யாரும் பேசவும் இல்லை.

எந்தப் புத்தகத்தின் கட்டத்திலும் இதற்கு டிக் அடிக்க இடமில்லை. ஜெபம் நடக்கிற வீட்டில் பெரியவர்களும் அந்த ஜெபத்துக்குக் கீழே இருக்கிறார்களா, அவர்களைத் திருத்த வீட்டில் யாருக்காவது உரிமை உண்டா என்பதுதான் என் கேள்வி. உண்டென்றால் மூன்று நிமிஷ ஜெபம் போதும். இல்லையென்றால் மூன்று மணி நேரமும் பட்லர் வீட்டு மணிதான்.

இன்று ராத்திரி நீங்கள் முழங்கால் போடுகிற ஆளாக இருந்தால், ஜெபத்தைப் பாதியாகக் குறையுங்கள். மார்க் விவகாரத்தைப் பையனிடமே நேரில் பேசுங்கள். அந்த ஒரு வரி வரும்போது மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.