கேட்காமல் விட்ட கேள்வி

நம் கதைகளில் மருத்துவர் ஒருவர் வந்தால், கூடவே காதல் தோல்வியோ குடும்பத் துயரமோ வந்துவிடும். இவ்வகைக்குப் பெரிய முன்மாதிரி 1962இல் ஸ்ரீதர் இயக்கிய ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’. முன்னாள் காதலியின் கணவனே நோயாளியாக வந்து சேர்கிறான். அவனைப் பிழைக்க வைக்கும் பொறுப்பு டாக்டர் முரளியின் தலையில் விழுகிறது. இரவு பகலாக உழைத்துக் காப்பாற்றுகிறார். தாம் மாண்டு போகிறார். இச்சையை வென்று அமானிதத்தைக் காத்த மனிதனைக் காட்டிய அப்படத்தை நாம் இகழவில்லை. ஆனால் அந்நோயைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் புற்றுநோய் என்னும் பெயர் மட்டுமே. மருத்துவரின் அறிவு எவ்விடத்தில் திகைத்தது, எப்படித் தெளிந்தது என்பவற்றுக்குக் கதையில் இடமில்லை. கண்ணீருக்கு மட்டுமே இடம் உண்டு.

இதற்கு நேர்மாறான ஓர் எழுத்தை அரபியில் காண்கிறோம். ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராக இருந்த அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸீயின் ‘அல்ஹாவீ’ அது. (சமயம் பற்றி அவர் சொன்னதாகக் கூறப்படும் சில கருத்துக்களை ஆலிம்கள் மறுத்துள்ளனர், அது வேறு வழக்கு.) அவர் மறைந்த பின் அவருடைய குறிப்புகளிலிருந்து தொகுக்கப்பட்ட இந்நூல், 1279இல் லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு ஐரோப்பியருக்குப் பாடநூலாயிற்று.

அதில் அப்துல்லாஹ் இப்னு ஸவாதா என்னும் நோயாளியைப் பற்றிய குறிப்பு ஒன்று உண்டு. அவருக்குக் காய்ச்சல் ஒரு சமயம் நாள்தோறும் வரும். ஒரு சமயம் முறைக் காய்ச்சலாக வரும். ஒரு சமயம் ஆறு நாளைக்கு ஒருமுறை வரும். வருமுன் இலேசான நடுக்கம் காணும். சிறுநீரோ அடிக்கடி பிரியும். ஒன்று, இது நான்காம் முறைக் காய்ச்சலாக மாறும். அல்லது சிறுநீரகத்தில் புண் இருக்கிறது என்று ராஸீ கருதினார். சில நாளில் சிறுநீரில் சீழ் வந்தது. இரண்டாவதே உண்மை என்று தெரிந்தது. மருந்து கொடுத்தார், ஏறக்குறைய இரண்டு மாதத்தில் நோயாளி பூரண குணமடைந்தார்.

வேறொருவர் எழுதியிருந்தால் இதனை வெற்றிக் கதையாக முடித்திருப்பார். ராஸீயோ, முதலிலேயே உறுதியாகச் சொல்ல இயலாமற் போனது ஏன் என்று தம்மையே விசாரிக்கத் தொடங்குகிறார். நோயாளிக்கு முன்பே முறைக் காய்ச்சல் வந்திருந்தது, அது தம் கருத்தைத் திருப்பியது என்கிறார். எழுந்து நிற்கும்போது இடுப்பில் பாரம் தொங்குவது போலிருக்கிறது என்று நோயாளி சொல்லவில்லை, தாமும் கேட்காமல் விட்டுவிட்டேன் என்கிறார். நம்முடைய நோக்கில் அந்த ஒரு வரிக்கு ஒரு முழுத் திரைப்படமும் ஈடாகாது.

இவருக்குச் சொந்தத் துயரம் இல்லையா? ‘அஸ்ஸீரத்துல் ஃபல்ஸஃபிய்யா’வில் அதைச் சொல்கிறார். ஒரே ஆண்டில் தாயத்து எழுதும் பொடி எழுத்தில் 20,000 தாள்களுக்கு மேல் எழுதியதையும், ஒரு பெருநூலுக்காக 15 ஆண்டுகள் இரவும் பகலும் உழைத்துப் பார்வை மங்கி, கைத்தசை கெட்டு, படிக்கவும் எழுதவும் பிறரை நாட வேண்டியதாயிற்று என்பதையும் அங்கே காண்கிறோம். அனுதாபம் கேட்டு எழுதியதன்று அது. தத்துவ ஞானிக்குரிய வாழ்விலிருந்து விலகிவிட்டார் என்று தம்மைக் குறை கூறியவர்களுக்குச் சொன்ன பதில். கண்ணைக் கெடுத்ததும், இப்னு ஸவாதாவின் படுக்கையருகே கேட்காத கேள்வியை மறக்கவிடாததும் ஒரே இயல்புதான். துயரமும் தொழிலும் இங்கே தனித்தனியாக நிற்கவில்லை.

கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டது. அங்கிருந்தும் மருத்துவக் கதைகள் வரத்தான் போகின்றன. ஓசூர் சிப்காட் தொழிலாளி தமிழிலும், அத்திப்பள்ளிப் பக்கத்துக்காரர் கன்னடத்திலும், ஊத்தங்கரைக் கிழவி தமிழிலும், நம் வீட்டுப் பெண் உருதுவிலும், எல்லையோரத்து விவசாயி தெலுங்கிலும் இடுப்பு வலியைச் சொல்லும் நிலம் அது. கேட்காமல் விடும் கேள்விகள் அங்கே எத்தனை இருக்கும்! அதை எழுதாமல் டாக்டரின் காதலையே எழுதினால், அந்நிலம் எழுத்தில் வந்ததாக நாம் கொள்ளமாட்டோம்.

‘அல்ஹாவீ’யின் அரபி மூலத்தை ஹைதராபாத் தாயிரத்துல் மஆரிஃப் 1955 முதல் பல பாகங்களாக அச்சிட்டது. மதரஸாவில் ஓதிய இளைஞர்கள் அந்த நோயாளிக் குறிப்புகளை மட்டுமேனும் தமிழாக்கித் தரலாம். மருத்துவச் சொற்களுக்கு நம் பக்கத்து ஹகீம்கள் உதவுவார்கள்.