மூன்று கிண்ணங்கள்

விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் காற்றின் திசையை அறிய கருவி வேண்டாம். விமானம் எதிர்காற்றில்தான் இறங்கும். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தால் போதும். வேகத்துக்குத்தான் கருவி.

கொட்டாங்குச்சி போல மூன்று கிண்ணங்கள், நடுவே ஓர் அச்சு. குழிந்த பக்கம் காற்றை அதிகம் வாங்கும், குவிந்த பக்கம் நழுவவிடும். அந்த வித்தியாசத்தில் சுற்றும். எத்திசைக் காற்றானாலும் திருப்பி வைக்கத் தேவையில்லை. 1846இல் அயர்லாந்தின் ராபின்சன் நான்கு கிண்ணங்களோடு செய்தார். 1926இல் கனடாவின் ஜான் பேட்டர்சன் மூன்று போதும் என்று காட்டினார். குறைத்ததால் மேம்பட்ட கருவி இது, அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.

காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடியாக ஏறும். வேகக் கணக்கில் 10 சதவீதம் கூடிப்போனால் ஆற்றல் கணக்கு 33 சதவீதம் வீங்கும். கடலில் காற்றாலை நட்டுக் கோடிகளைக் கொட்டுமுன் ஆண்டுக்கணக்கில் அளப்பது இதனால்தான். பள்ளிக்கரணையிலுள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம் தனுஷ்கோடியில் 100 மீட்டர்க் கோபுரம் நிறுத்தி அளந்தது, மன்னார் வளைகுடாவை மனத்தில் வைத்து. குஜராத்தின் காம்பத் வளைகுடாவில் 2017இல் கடலுக்குள்ளேயே ஒரு மேடை அமைத்து லைடார் வைத்தார்கள். அது லேசர் ஒளியை மேலே அனுப்பி, காற்றில் மிதக்கும் தூசும் உப்புத் துகளும் சிதறடித்துத் திருப்பும் ஒளியின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து வேகத்தைக் கணக்கிடும். உயரக் கோபுரமே வேண்டாம்.

ஆனால் லைடார் சரியாகச் சொல்கிறதா என்று சோதிக்க, இன்றும் அதைக் கிண்ணங்கள் சுழலும் கோபுரத்தின் பக்கத்தில்தான் கொண்டுபோய் வைக்கிறார்கள்.