செஞ்சியில் படித்த தேசிங்கு கதை

கல்லூரி மாணவர் சிலருடன் ஒரு நாள் பயணமாகச் செஞ்சிக்குச் சென்றபோது நம் பையில் இரண்டு நூல்கள் இருந்தன. ஒன்று, தேசிங்குராஜன் கதைப்பாடல். மற்றது, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943-இல் வெளியிட்ட, சி. எஸ். சீனிவாசாச்சாரியாரின் செஞ்சி வரலாறு. இரண்டாவது நூலை மாணவர் எவரும் தொடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இராசகிரி கண்ணில் பட்டதுமே பேருந்துக்குள் தேசிங்கின் பெயர் எழுந்தது. கோட்டைக்குள் நுழைந்த பின்னும் அதே பெயர்தான். கல்யாண மகாலைக் கண்டு, "இது தேசிங்கு கட்டியதா, ஐயா?" என்று கேட்டனர். அவன் செஞ்சியை ஆண்டது ஓராண்டுகூட இல்லை. 1714-இல் தந்தை சொரூப்சிங் மறைந்தார். அவ்வாண்டிலேயே ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானின் படையோடு பொருது மகனும் மாண்டான். நாயக்கர், பீசப்பூரார், மராட்டியர், மொகலாயர் எனப் பலர் ஆண்ட ஊரை ஒரு சில மாத ஆட்சிக்குள் அடக்கிவிட்டது பாட்டு. 2025-இல் யுனெசுகோ மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியைச் சேர்த்ததும் ஏறக்குறைய அவ்வகையானதே. அங்கே தேசிங்கும் காணாமற்போனான்!

1597-இல் இவ்வூருக்கு வந்த இயேசு சபைத் துறவி பிமெந்தா வேறு கண்ணோடு பார்த்தார். இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் இது மிகப் பெரியது என்றும், போர்த்துகலில் லிசுபனைத் தவிர வேறெந்த நகரும் இதற்கு ஈடாகாது என்றும் எழுதினார். அந்த நகரம் கதைப்பாடலில் இல்லை. மலையடியில் நிற்கும் பெரிய நெற்களஞ்சியத்தையும் மாணவர் ஓட்டமாகக் கடந்துதான் போயினர். பாட்டில் இல்லாதது கண்ணிலும் படவில்லை.

ஆயினும், வரலாற்றுக்குப் பொருந்தவில்லை என்று கதைப்பாடலைத் தள்ளுவோரோடு நாம் உடன்படவில்லை. நாட்குறிப்பு எழுத வந்தவனல்லன் அப்பாவலன். மணப்பந்தலிலிருந்து எழுந்து வந்து நண்பனுக்காக உயிர் கொடுத்த மகபத்கானை அவன் மறக்கவில்லை. இந்து அரசனும் இசுலாமிய நண்பனும் ஒரே களத்தில் வீழ்ந்ததை ஊர் ஊராகப் பாடி வைத்தான். தமிழ் மக்கள் அவனுக்கு நன்றி பாராட்ட இதுவே போதும்.

நம் குறை வேறிடத்தில் இருக்கிறது. பிற்பகலில் செஞ்சிக்கு வடக்கே சிங்கவரம் குடைவரைக்கு ஏறினோம். போருக்கு விடைபெற வந்த தேசிங்கிடம் அரங்கநாதர் இசைவு தராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது கதை. பள்ளிகொண்ட திருவுருவத்தின் சாய்ந்த தலையை இன்றும் ஊரார் அதற்குச் சான்றாகக் காட்டுகின்றனர். ஒரு மாணவி கேட்டாள்: "கடவுளே போகாதே என்ற பிறகும் போனவனை வீரன் என்று எப்படிப் பாட முடிந்தது?"

நாம் உடனே விடை சொல்லவில்லை. கப்பப் பாக்கியும் ஆட்சியுரிமைக்கான பேரரசர் ஆணையுமே சண்டையின் வேர். சில நூறு குதிரை வீரரோடு பெரும்படையை எதிர்ப்பது அழிவு என்பதைப் பாவலன் அறிந்திருந்தான்; அறிந்ததனாலேயே தெய்வத்தின் முகத்தைத் திருப்பினான். கதைப்பாடலின் மிக உயர்ந்த இடம் அதுதான். ஆனால் போர்ப்பறை முழங்கியதும் தான் கண்டதைத் தானே மறந்துவிடுகிறான். பாராசாரிக் குதிரையின் பாய்ச்சலில் அவனும் ஏறிக்கொள்கிறான். திருப்பிய முகம் மீண்டும் நினைவுக்கு வருவதில்லை. வீரத்தைப் பாடியது குற்றமன்று. வேண்டாத போர் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு, அச்சொல்லைக் காப்பாற்றாததே குற்றம்.

திரும்பும் வழியில் செட்டிக்குளத்தின் கரைக்குச் சென்றோம். தேசிங்கை எரித்த இடமும் அவன் மனைவி உடன்கட்டை ஏறிய இடமும் இதுவே என்று ஒரு மேடையைக் காட்டுகின்றனர். சிறிது நேரம் நின்றோம். பேருந்து புறப்பட்டதும் அம்மாணவி நூலைக் கேட்டு வாங்கிச் சிங்கவரத்துக் காட்சியை உரக்கப் படித்தாள். திண்டிவனம் வரும்வரை அதைப் பற்றியே பேச்சு நடந்தது. தேசிங்கின் பக்கம் நின்றவர்களே அதிகம்.